எங்களுக்கு ஒரு முதலமைச்சரை எழுதித் தாருங்கள்: திரைக்கதை எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைக்கதை எழுதும் நண்பர்களுக்கும், வலைத்தொடர் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. எங்களுக்கு ஒரு முதலமைச்சரை எழுதித் தாருங்கள். ஒரு நாள் மட்டும் ஆள்கிறவர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். கடைசிக் காட்சியில் பதவியேற்று, கைதட்டலோடு முடிந்துபோகிறவர்களும் நிறையப் பேர். நான் கேட்பது ஐந்து வருடம் உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறவரை. சட்டமன்றத்தில் பின்வரிசையில் தொடங்கி, சின்னத் துறை ஒன்றுக்கு அமைச்சராகி, கட்சிக்குள் ஒரு தடவை தோற்று, மறுபடி எழுந்து முதலமைச்சராகி, அப்புறம் தேர்தலில் தோற்று எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்காருகிறவரை. அப்படி ஒருவருடைய முழு அரசியல் வாழ்க்கையைத் தமிழ்த் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நான் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவன். முதலமைச்சரை நெருக்கத்தில் பார்த்ததெல்லாம் குறைவு. அவர் மேசைக்குப் போகிற கோப்புகளோடுதான் என் வேலைக்காலம் கழிந்தது. உதவிப் பிரிவு அலுவலர் எழுதும் குறிப்பு பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று மேலே போகும். துறைச் செயலாளர் பார்ப்பார். பணம் சம்பந்தப்பட்டதென்றால் நிதித்துறைக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு திரும்பி வரும். பதில் எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். அப்புறம் அமைச்சர், கடைசியில் முதலமைச்சர். அந்தக் கோப்பு அங்கே போய்ச் சேருவதற்குள் எத்தனையோ பேருடைய பயம், பிடிவாதம், நல்லெண்ணம், பழைய பகை எல்லாம் அதில் ஏறிவிடும். அரசாங்கம் என்பது பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. தமிழ்த் திரை அங்கே எட்டிப் பார்த்ததே அபூர்வம்.

புகழேந்தியிலிருந்து தொடங்குகிறேன். கற்பனை முதலமைச்சர் என்றதும் நம் ஊரில் முதலில் வாயில் வருகிற பெயர் அதுதான். 1999 தீபாவளிக்கு வந்த 'முதல்வன்' படத்தில் ஷங்கர் அவரை உருவாக்கினார், சுஜாதா வசனம் எழுதினார், அர்ஜுன் நடித்தார். தொலைக்காட்சியில் கேமராவோடு அலைகிற இளைஞர். ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் மூண்ட சண்டை நகரம் முழுக்கக் கலவரமாகிறது. ஓட்டுக் கணக்குப் பார்த்து முதலமைச்சர் அரங்கநாதன் காவல்துறையைக் கட்டிப்போடுகிறார். பேட்டியில் புகழேந்தி அதைப் போட்டு உடைக்கிறார். வெளியே இருந்து கேள்வி கேட்பது எளிது, இந்த நாற்காலியில் ஒரு நாள் இருந்து பார் என்று அரங்கநாதன் சவால் விட, அவர் ஏற்றுக்கொள்கிறார்.

அந்தப் பேட்டிக் காட்சி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அரங்கநாதனாக நடித்த ரகுவரன் அதைச் சொல்லும்போது அது வில்லன் வசனமாக மட்டும் கேட்பதில்லை. நாற்காலியின் கஷ்டம் நாற்காலியில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது உண்மை. அந்த உண்மையைக் கதை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால், தமிழில் இதுவரை வராத ஓர் அரசியல் படம் நமக்குக் கிடைத்திருக்கும். கதை வேறு பக்கம் போனது.

அந்த ஒரு நாளில் புகழேந்தி என்ன செய்கிறார்? புகார் வந்த இடத்துக்கு நேரே போகிறார். தப்புச் செய்த அலுவலர்களை நின்ற இடத்திலேயே சஸ்பெண்ட் செய்கிறார். நாள் முடிவதற்குள் அரங்கநாதனையே கைது செய்ய வைக்கிறார். திரையரங்கில் விசில் பறந்தது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றவர்களுக்கு அந்த விசில் அடிக்க எல்லா உரிமையும் உண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த உத்தரவுகளுக்கு ஒரு மறுநாள் இருக்கிறது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17 இ என்று ஒன்று உண்டு. சஸ்பென்ஷன் அதன்கீழ்தான் வருகிறது. அது தண்டனை கிடையாது, விசாரணைக்காக ஒதுக்கி வைப்பது. வீட்டில் இருக்கிறவருக்குப் பிழைப்பூதியம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் 17 பி-யின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பதிவேடு, எவ்வளவு தொகை, யார் சாட்சி என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அவர் விளக்கம் தருவார். விசாரணை அலுவலர் நியமிக்கப்படுவார். குறுக்கு விசாரணை நடக்கும். மூன்று மாதத்துக்குள் குறிப்பாணை கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பந்தப்பட்டவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்றால் மாநில அரசு சஸ்பெண்ட் செய்யலாம், ஆனால் வேலையை விட்டு நீக்க முடியாது.

இதெல்லாம் வறட்டுச் சட்டம் என்று தள்ளிவிடாதீர்கள். கதை இங்கேதான் இருக்கிறது. புகழேந்தி போன பிறகு ஏதோ ஒரு பிரிவில் ஓர் உதவியாளர் அந்தக் குறிப்பாணையை எழுத உட்கார்ந்திருப்பார். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று முதலமைச்சர் முன்னால் தைரியமாகச் சொன்ன அம்மா, விசாரணைக்குக் கூப்பிடும்போது வரமாட்டார். அவர் நாளைக்கும் அதே கடையில்தான் அரிசி வாங்கியாக வேண்டும். சாட்சி இல்லாமல் குற்றச்சாட்டு விழுந்துவிடும். அப்போது முதலமைச்சர் என்ன செய்வார்? அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பாக நிற்பாரா? சாட்சியே தேவைப்படாத மாதிரி எடைபோடும் முறையை மாற்றுவாரா? அல்லது அடுத்த புகாருக்குக் காரில் கிளம்பிவிடுவாரா? ஒருவர் எப்படிப்பட்ட முதலமைச்சர் என்பதை எனக்குச் சொல்லக்கூடிய காட்சி இதுதான்.

இன்னொன்றும் யோசியுங்கள். அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அரசு ஊழியருக்கு விசாரணை இல்லாமல் வேலை போகாது என்று பாதுகாப்புத் தருகிறது. அது திருடனுக்காக எழுதப்பட்டதில்லை. அமைச்சரின் மைத்துனருக்குப் புறம்போக்கு நிலத்தைப் பட்டா போட மறுக்கிற தாசில்தாரையும் அதுதான் காப்பாற்றுகிறது. நின்ற இடத்தில் வேலையைப் பறிக்கும் அதிகாரம் புகழேந்தியிடம் இருந்தால் நமக்கு இனிக்கிறது. மறுநாள் நாற்காலிக்கு அரங்கநாதன் திரும்பி வந்தால் அதே அதிகாரம் அவர் கையில் இருக்குமே? அந்தத் தாசில்தாரின் கதியை யார் எழுதுவது?

நிஜத்திலும் ஒரு நாள் முதலமைச்சர் இருந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். படம் வருவதற்கு முந்தைய வருடம், 1998 பிப்ரவரி 21 இரவு, உத்தரப் பிரதேச ஆளுநர் ரொமேஷ் பண்டாரி முதலமைச்சர் கல்யாண் சிங்கை நீக்கிவிட்டு ஜகதம்பிகா பாலுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். 23-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் கல்யாண் சிங்கைத் திரும்ப அமர்த்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு பேரையும் சபையில் வைத்து ஒரே நேரத்தில் பலத்தைச் சோதியுங்கள் என்று உத்தரவு வந்தது. 26-ஆம் தேதி வாக்கெடுப்பில் கல்யாண் சிங்குக்கு 225, ஜகதம்பிகா பாலுக்கு 196. அந்தச் சில நாட்களில் லக்னோ தலைமைச் செயலகத்தில் ஒரு பிரிவு அலுவலர் எந்த முதலமைச்சரின் உத்தரவை நிறைவேற்றியிருப்பார், யாருக்குக் கோப்பு அனுப்பியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இதில் ஓர் அடிதடிகூட வேண்டாம். அப்படியே ஒரு தொடர்.

புகழேந்தியின் கதை எப்படி முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மக்கள் அவரைத் தேர்தலில் நிற்க வைக்கிறார்கள், முறையாக முதலமைச்சர் ஆகிறார். பெற்றோரைக் குண்டுவெடிப்பில் இழக்கிறார். கடைசியில் அரங்கநாதனைத் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து, தன்னைத் தானே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியை அவர் கைக்கு எறிகிறார். பாதுகாவலர்கள் அரங்கநாதனைச் சுட்டுக் கொல்கிறார்கள். ஒரு முதலமைச்சர் தன் அலுவலக அறையில் திட்டமிட்டு ஒரு கொலை செய்கிறார். அதற்கு அரசு ஊழியர்களான காவலர்களைக் கருவியாக்குகிறார். தன்னையும் கடைசியில் அரசியல்வாதி ஆக்கிவிட்டார்களே என்று அவர் சொல்லும் இடத்தில், எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வசனம் ஒரு வீழ்ச்சியைச் சொல்கிறது. நாம் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அங்கிருந்து யாராவது எழுதியிருக்க வேண்டாமா? சுட்ட காவலருக்கு உண்மை தெரியவந்தால்? சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி விசாரணை கேட்டால்? 1952-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் விசாரணை ஆணையம் அமைக்க வேண்டிய அரசே புகழேந்தியின் அரசு. நல்லவர் என்று நாடே நம்புகிற ஒருவர் அந்தப் பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கிறார், சாலை போடுகிறார், மக்கள் காலில் விழுகிறார்கள். இந்த மனிதரைப் பற்றி ஒரு படம் வந்தால் நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

சரி, வேறு எங்காவது ஒரு முழு வாழ்க்கையை எழுதியிருக்கிறார்களா என்றால், டென்மார்க்கில் எழுதியிருக்கிறார்கள். 'போர்கன்' என்ற தொடர் 2010 செப்டம்பரில் அந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. ஆடம் பிரைஸ் உருவாக்கியது. பிர்கிட்டே நூபோர்க் என்ற பெண், மிதவாதிகள் என்ற, இடதுக்கும் வலதுக்கும் நடுவில் நிற்கிற கட்சியின் தலைவர். தேர்தல் சமயத்தில், அப்போதைய பிரதமர் அரசு அட்டையில் மனைவிக்குச் சாமான் வாங்கிய ரசீது ஒன்று பிர்கிட்டேவின் ஆலோசகர் கைக்குக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறார் பிர்கிட்டே. ஆலோசகர் அதை இன்னொரு கட்சித் தலைவரிடம் கொடுக்க, அது நேரலை விவாதத்தில் வெடிக்கிறது. மாட்டிக்கொண்ட பிரதமரையும், அதை வைத்து அடித்தவரையும் மக்களுக்குப் பிடிக்காமல் போகிறது. எழுதிக் கொடுத்த உரையை ஒதுக்கிவிட்டுத் தன் மனதிலிருந்து பேசிய பிர்கிட்டேவுக்கு ஓட்டு விழுகிறது.

இதுவரைக்கும் நம் ஊர்ப் படம் மாதிரியே இருக்கிறது இல்லையா? நம்மிடம் இங்கே 'சுபம்' போட்டுவிடுவோம். அவர்களுக்கு இது முதல் அத்தியாயம். அங்கே நாடாளுமன்றத்தில் 179 இடங்கள். தொண்ணூறு வேண்டும். இரண்டாவது அத்தியாயம் முழுவதும் அந்தத் தொண்ணூறை எண்ணுவதுதான். எந்தக் கட்சிக்கு எந்தத் துறை, யாருக்கு எந்த வாக்குறுதி, எது விட்டுக்கொடுக்கக் கூடியது, எது கூடாது. கதவுகளும் மேசைகளும் காபிக் கோப்பைகளும்தான் காட்சி. நான் நகம் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

அப்புறம் அந்த நாற்காலி அவரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்குகிறது. தன்னை அரசியலில் வளர்த்த மூத்தவர் பெந்த்தை அமைச்சரவையிலிருந்து அவரே வெளியேற்ற வேண்டிவருகிறது. கணவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது. அந்த நிறுவனத்துக்கும் அரசு வாங்கப் போகும் போர் விமானங்களுக்கும் தொடர்பு இருப்பதால் வேலையை விடச் சொல்கிறார். திருமணம் முறிகிறது. மகளுக்கு மனநலம் பாதிக்கப்பட, பிரதமர் விடுப்பு எடுக்கிறார். நாடே அதை விவாதிக்கிறது. ஆட்சி போகிறது. மூன்றாவது பருவத்தில் பழைய கட்சியிலேயே தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்று, புதுக் கட்சி தொடங்குகிறார். 2022-இல் வந்த நான்காவது பருவத்தில் வெளியுறவு அமைச்சர். கிரீன்லாந்தில் எண்ணெய் கிடைக்கிறது. எடுக்கக் கூடாது என்று ஆரம்பித்தவர், பதவியைக் காப்பாற்ற வேண்டி மெல்ல மறுபக்கம் சாய்கிறார். முதல் அத்தியாயத்தில் ரசீதைத் தொடமாட்டேன் என்ற அதே பெண். அவர் எந்த நாளில் மாறினார் என்று விரலை வைத்துச் சொல்ல முடியாது. நாமும் கூடவே மாறிவிட்டிருப்போம். இத்தனை வருடத்தை ஒரு கற்பனைத் தலைவருக்குக் கொடுத்ததால்தான் இது முடிந்தது. அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன்.

டென்மார்க்குக்கு நிஜத்தில் முதல் பெண் பிரதமர், ஹெலே தோர்னிங்-ஷ்மிட், கிடைத்தது தொடர் தொடங்கி ஒரு வருடம் கழித்து, 2011 அக்டோபரில். தொடரால்தான் அவர் ஜெயித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பெண் பிரதமர் தொலைபேசியை எப்படி எடுப்பார், அமைச்சரை எப்படிக் கண்டிப்பார், ராத்திரி வீட்டுக்கு எப்படித் திரும்புவார் என்பதை அந்த மக்கள் ஏற்கெனவே வாராவாரம் பார்த்துவிட்டிருந்தார்கள். கதை செய்யக்கூடிய வேலை அது.

பிரிட்டனில் ஜிம் ஹேக்கர் என்ற கற்பனை அமைச்சர் இருக்கிறார், பிறகு பிரதமரும் ஆகிறார். பிபிசி 1980 முதல் 1988 வரை ஒளிபரப்பிய 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ் பிரைம் மினிஸ்டர்'. அது நகைச்சுவை. ஆனாலும் செயலகத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியாது. நோயாளியே இல்லாமல் ஐந்நூறு பணியாளர்களோடு நடக்கிற ஒரு மருத்துவமனையைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு; அதை மூட அமைச்சர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். இந்தியில் 2001-இல் ஃபாரூக் ஷேக்கை வைத்து 'ஜி மந்த்ரிஜி' என்று அதை எடுத்தார்கள். கோப்பும் செயலாளரும் பார்வையாளரை உட்கார வைக்கும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம்.

நம்மிடம் சரக்கு இல்லையா என்ன? 1952-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். பெரும்பான்மை எப்படிச் சேர்ந்தது என்பது ஒரு பருவத்துக்கான கதை. இரண்டு வருடத்தில் ஒரு கல்வித் திட்டம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்து வந்த காமராஜர், கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தோற்றவரைக் கூப்பிட்டு, வாங்க, வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கக்கூடிய அந்தச் சந்திப்பை மனதில் ஓட்டிப் பாருங்கள். அதே மனிதர் 1963-இல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியைத் தானே விட்டுக்கொடுத்தார். 2006-இல் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96 இடங்கள். 234 பேர் கொண்ட சபையில் 118 வேண்டும். வெளியே இருந்து ஆதரவு தந்தவர்களை வைத்துக்கொண்டு ஐந்து வருடமும் ஆட்சி நடந்தது. டென்மார்க்காரர்கள் தொண்ணூறை எண்ணினார்கள் என்றால் நாம் 118-ஐ எண்ணிக்கொண்டே ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறோம்.

நிஜத் தலைவர்களைத் திரையில் காட்டினால் பிரச்சினை வரும், தயாரிப்பாளர் பயப்படுவார், வழக்குப் போடுவார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான பயம்தான். அதனால்தான் கற்பனை முதலமைச்சரைக் கேட்கிறேன். கட்சிகளையும் கற்பனையாக வையுங்கள். கொடியின் நிறத்தைக்கூட யாரையும் நினைவுபடுத்தாமல் வைக்கலாம். பிர்கிட்டேவின் கட்சி அப்படித்தான், டென்மார்க்கில் அன்றைக்கு இல்லாத ஒன்று. ஆனால் பிரச்சினைகள் நிஜமாக இருக்கட்டும்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கற்பனை முதலமைச்சர் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூரண மதுவிலக்கு என்று வாக்குறுதி தந்து ஜெயித்திருக்கிறார். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் அவர் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். அவர் பொய்யாகச் சத்தியம் செய்யவில்லை. பதவியேற்ற வாரத்தில் நிதித்துறைச் செயலாளர் ஒரு தாளோடு வருகிறார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானே கூட்டிக் குறைக்கக்கூடிய வரிகள் சிலவே: மது, பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வாகன வரி. மத்திய அரசு தந்துவந்த ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. மதுவை எடுத்துவிட்டால் எதைக் கூட்டுவது, எதை வெட்டுவது? முதியோர் ஓய்வூதியத்தையா, மகளிர் இலவசப் பேருந்தையா, சத்துணவையா? அந்தச் செயலாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்தப் பெண்களைத் தெரியும். கள்ளச் சாராயத்தில் செத்தவர்களின் கோப்பையும் அவர் பார்த்திருக்கிறார். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது, 1971-இல் கலைஞர் அதைத் தளர்த்தியது, 2003-இல் அரசே சில்லறைக் கடைகளை எடுத்தது என்று பழைய அரசாணைகள் எல்லாம் இணைப்பாகக் கோப்பில் இருக்கும். டாஸ்மாக் கடைகளில் வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் படித்தவர்கள், தங்களை எங்கே போடுவீர்கள் என்று போராட்டம் நடத்துவார்கள். கூட்டணிக் கட்சித் தலைவருக்கு மது ஆலையில் பங்கு இருக்கும். சபையில் 118 ஆட ஆரம்பிக்கும்.

இவ்வளவும் சேர்ந்து அந்தப் பெண்மணி என்ன எழுதிக் கையெழுத்துப் போடுவார்? எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் முதல் வருடம் ஐந்நூறு கடையை மூடிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது வருடம் அதே தருமபுரிக் கிராமத்துக்குப் போக வேண்டிவரலாம். அங்கே அவரிடம் கையைப் பிடித்து அழுத பெண்ணின் மகன் இப்போது டாஸ்மாக் ஊழியராக இருக்கலாம். ஊழலே செய்யாத, யாரையும் அடிக்காத, மனசாட்சியுள்ள ஒருவர் தன் வாக்குறுதியை எப்படி இழக்கிறார், அல்லது இழக்காமல் இருக்க என்ன விலை கொடுக்கிறார் என்பதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரிந்து அரசியலில் இல்லை.

இதை உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திரைக்கும் கோட்டைக்கும் இடையே வேறு எந்த மாநிலத்தையும்விட இங்கே நெருக்கம் அதிகம். அண்ணாவும் கலைஞரும் உங்கள் தொழிலைச் செய்தவர்கள், திரைக்கதை வசனம் எழுதியவர்கள். எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மா, ஜெயலலிதா அம்மையார் திரையில் நின்றவர்கள். முதலமைச்சர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் மக்கள் மனதில் இருக்கிற படத்தில் பாதி நீங்கள் வரைந்தது. சினிமாவைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஏளனம் செய்கிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை, மக்கள் விவரமானவர்கள். ஆனால் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு வருகிற மனுக்களில் ஒரே கையெழுத்தில் என் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனு மாவட்டத்துக்குப் போய், அதே தாலுகா ஆபீசுக்கு வந்து, அதே மேசையில் உட்காரும்போது அவர்கள் நொறுங்கிப் போகிறார்கள். அந்த மேசை ஏன் அப்படி இருக்கிறது, அதை மாற்ற என்ன செய்ய வேண்டும், எத்தனை காலம் ஆகும் என்பதைச் சொல்லும் ஒரு கதை அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கேள்வி கேட்க அவர்களுக்கு அது உதவும். ஏன் சஸ்பெண்ட் செய்யவில்லை என்று கேட்பவர், போன வருடம் சஸ்பெண்ட் செய்தவர்மேல் குறிப்பாணை கொடுத்தீர்களா என்று கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கேள்விக்கு எந்த அரசும் பதில் சொல்லத் திணறும்.

நாயகன் வேண்டாம், சண்டை வேண்டாம், பாட்டு வேண்டாம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அது உங்கள் கலை. நான் கேட்பது காலம். அந்த மனிதருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கொடுங்கள். வலைத்தொடரில் இப்போது அது முடியும். அவர் வயதாவதையும், சொந்தக் கட்சிக்காரரிடம் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதையும், நல்ல அதிகாரி ஒருவரை இழப்பதையும், நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய இரவு தூங்காமல் இருப்பதையும், தோற்ற மறுநாள் அரசு வீட்டைக் காலி செய்வதையும் காட்டுங்கள்.

எழுத உட்காரும்போது விவரம் வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்கள், சார்புச் செயலாளர்கள், தட்டச்சர்கள், சட்டமன்றச் செயலகத்தில் நடவடிக்கைக் குறிப்பு எடுத்தவர்கள். மானியக் கோரிக்கை நாளில் அமைச்சருக்குப் பின்னால் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு எப்படிப் போகும், அமைச்சரவைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் குறிப்புகள் எப்படிக் கட்டப்படும், நிதித்துறை மறுத்த கோப்பைத் திரும்ப எழுப்ப என்னென்ன வழி உண்டு என்று உட்கார்ந்து சொல்வோம். அரசு ரகசியம் எதையும் சொல்ல மாட்டோம். மற்றதெல்லாம் சொல்வோம். எந்த வேளையில் வந்தாலும் சரி, நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமைச் செயலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒரு பிரிவு அலுவலர்
சென்னை